விற்பனைக்கு வரும் மேய்ச்சல் பண்ணையும் விலைக்கு இல்லாத உரிமையும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரும் கால்நடைப் பண்ணைகளை விற்றுக்கொடுக்கும் முகவர்களின் விளம்பரங்களில் ஒரு குறிப்பினை அடிக்கடி காணமுடிகின்றது. பல்லாயிரம் ஏக்கர் மேய்ச்சல் நிலம், ஆற்றங்கரைப் புல்வெளி, நீருரிமை, பட்டிகள், கொட்டில்கள், வீடு, பண்ணையுடன் சேர்ந்து வரும் அரச மேய்ச்சல் அனுமதி என்று யாவற்றையும் வரிசைப்படுத்தும் அவ்விளம்பரங்கள், இந்நிலம் பேணல் உடன்படிக்கை ஒன்றினால் நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது என்ற தகவலையும் தெரிவிக்கின்றன. அதாவது பண்ணை விலைக்கு உண்டு. ஆனால், அதனைத் துண்டாடிக் குடியிருப்புகளாகவோ உல்லாச விடுதிகளாகவோ மாற்றும் உரிமை விலைக்கு இல்லை. அவ்வுரிமையினை முன்னைய உரிமையாளர் ஏற்கெனவே கைவிட்டுவிட்டார்.

தனியார் சொத்துரிமையைத் தனது அரசியலின் அடித்தளமாகக் கொண்டாடும் ஒரு நாட்டில், அச்சொத்துரிமையின் ஒரு பகுதியை உரிமையாளர்களே விரும்பித் துறக்கின்றார்கள் என்பது வியப்புக்குரியதாகத் தோன்றலாம். இவ்வேற்பாடு எவ்வாறு இயங்குகின்றது, எதனைக் காக்கின்றது, எதனைக் காக்கத் தவறுகின்றது என்பவற்றை ஆராய்வது காணிப் பிரச்சினைகளுக்கு மத்தியில் வாழும் எமக்கும் பயனுள்ளதேயாகும்.

பேணல் உடன்படிக்கை என்பது காணி உரிமையாளருக்கும், அரச முகவர் நிலையம் ஒன்றுக்கோ இலாப நோக்கற்ற காணி நம்பிக்கைப் பொறுப்பு அமைப்பு ஒன்றுக்கோ இடையில் எழுதப்படும் சட்டபூர்வமான உறுதியாகும். எமது பிரதேசங்களில் காணி உறுதிகளில் வழி, வாய்க்கால் உரிமையும் கிணற்றுப் பங்கும் எழுதப்படுவதை வாசகர்கள் அறிவர். காணி எத்தனை கை மாறினாலும் அயலவரின் வழி உரிமை அக்காணியுடனேயே செல்கின்றது. பேணல் உடன்படிக்கையும் அத்தகையதே. வித்தியாசம் யாதெனில், இங்கே மற்றைய தரப்பினருக்குக் கிடைப்பது காணியில் நடந்துசெல்லும் உரிமையன்று. காணியில் இன்னின்னவற்றைச் செய்யவேண்டாம் எனத் தடுக்கும் உரிமையாகும். உரிமையாளர் தொடர்ந்தும் மாடு வளர்க்கலாம், புல் அறுக்கலாம், வேலி அடைக்கலாம், காணியை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கலாம். பிரித்து விற்பதற்கும், குறித்த எல்லைக்கு வெளியே வீடுகள் கட்டுவதற்கும், திறந்த சுரங்கம் தோண்டுவதற்கும் பொதுவாக இடமில்லை. நிலத்தின் அன்றைய நிலை வரைபடங்களுடனும் புகைப்படங்களுடனும் ஆவணப்படுத்தப்படுகின்றது. பொறுப்பு அமைப்பினர் ஆண்டுதோறும் வந்து பார்வையிடுகின்றனர். மீறல் ஏற்படின் நீதிமன்றம் செல்லும் அதிகாரமும் அவர்களுக்குண்டு.

இவ்வேற்பாட்டின் வேர்கள் 1930 களிலேயே காணப்படுகின்றன. அப்பலாச்சிய மலைத்தொடரினூடாக அமைக்கப்பட்ட புளூ ரிட்ஜ் வீதியின் இருமருங்கும் உள்ள இயற்கைக் காட்சியைக் காப்பதற்கு அமெரிக்க தேசிய பூங்காச் சேவை இத்தகைய உரிமைகளைப் பெற்றுக்கொண்டது. 1959 இல் வில்லியம் வைற் என்ற எழுத்தாளர் இக்கருத்தினை விரிவாக முன்வைத்தார். 1980 இல் சமஷ்டி வருமான வரிச் சட்டத்தில் இதற்கு நிரந்தர இடம் கிடைத்தது. 1981 இல் மாநிலங்கள் பின்பற்றக்கூடிய மாதிரிச் சட்டமொன்று வரையப்பட்டது. 2020 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, பல்வேறு வழிகளிலும் காணி நம்பிக்கைப் பொறுப்பு அமைப்புகள் பாதுகாத்துள்ள நிலத்தின் அளவு 6 கோடியே 10 இலட்சம் ஏக்கராகும்.

கால்நடைப் பண்ணையாளர்கள் ஆரம்பத்தில் இதனைச் சந்தேகக் கண்கொண்டே நோக்கினர். சுற்றாடல் அமைப்புகள் மாட்டை மலையிலிருந்து இறக்கவே இவ்வழியை நாடுகின்றன என அவர்கள் கருதினர். ஆனால், அவர்களது மனதை மாற்றியது சூழலியல் பிரசாரம் அல்ல. குடும்பக் கணக்கே ஆகும். மேற்கின் பண்ணைக் குடும்பங்கள் பலவற்றிடம் காணி இருக்கின்றது, கையில் காசில்லை. 2022 ஆம் ஆண்டின் விவசாயக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாய உற்பத்தியாளரின் சராசரி வயது 58.1 ஆகும். பெற்றோர் மறையும்போது நான்கு பிள்ளைகளுள் ஒருவர் பண்ணையை நடத்த விரும்புவார். ஏனைய மூவர் தத்தமது பங்கைக் கேட்பர். கன்று விற்ற பணத்தில் அப்பங்குகளைக் கொடுத்துத் தீர்ப்பது இயலாத காரியம். எனவே காணி விலைப்படுகின்றது. வாங்கியவர் அதனைத் துண்டாடுகின்றார். கொலராடோவில் 1972 ஆம் ஆண்டின் சட்டம் 35 ஏக்கருக்குக் குறையாத துண்டுகளைக் கவுண்டியின் காணிப் பிரிப்பு ஒழுங்குவிதிகளிலிருந்து விலக்கியது. இதனால் பெரும் புல்வெளிகள் 35 ஏக்கர் கொண்ட வீட்டு வளவுகளாகின. அத்தகைய வளவு ஒரு குடும்பத்தின் ஓய்வுக்குப் போதும். ஒரு மந்தையின் மேய்ச்சலுக்குப் போதாது. பருவந்தோறும் மலையேறி இறங்கும் மான் கூட்டங்களின் பாதைகளையும் வேலிகளும் வீதிகளும் மறித்தன.

இந்நிலையில்தான் பண்ணையாளர்களே முன்வந்து தமக்கென அமைப்புகளை உருவாக்கினர். 1995 இல் கொலராடோ கால்நடைப் பண்ணையாளர் சங்கம் தனது சொந்தக் காணி நம்பிக்கைப் பொறுப்பு அமைப்பினை நிறுவியது. 1998 இல் கலிபோர்னியாவிலும் 2000 இல் வயோமிங்கிலும் இவ்வாறான அமைப்புகள் தோன்றின. அபிவிருத்தி உரிமையை விற்றுப் பெறும் பணத்தில் உடன்பிறந்தோரின் பங்கைக் கொடுக்கலாம், வங்கிக் கடனை அடைக்கலாம், பண்ணையும் கையை விட்டுப் போகாது என்பதே அவர்கள் கண்ட வழியாகும்.

உடன்படிக்கைக்குட்பட்ட பண்ணையொன்று கைமாறுவதன் பொருளினை விளங்கிக்கொள்வதற்கு நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மெக்சிக்கோ எல்லையை ஒட்டி அமைந்துள்ள கிறே பண்ணையின் வரலாறு சிறந்த உதாரணமாகும். அதன் விஸ்தீரணம் சுமார் 3 இலட்சத்து 20 ஆயிரம் ஏக்கர், எமது யாழ். மாவட்டத்தின் முழுப் பரப்பிலும் பெரியது. 1990 இல் அப்பண்ணையை நேச்சர் கொன்சேவன்சி என்ற சுற்றாடல் அமைப்பு 1 கோடியே 80 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அது வனவிலங்குச் சரணாலயமாகி அரசின் கைக்குப் போய்விடும், மாடுகள் வெளியேற்றப்படும், அடுத்து தமது காணிகளும் பறிபோகும் என அயல் பண்ணையாளர்கள் அஞ்சினர். நடந்ததோ வேறு. சில ஆண்டுகளுக்குள் அவ்வமைப்பு பேணல் உடன்படிக்கையைத் தன்வசம் வைத்துக்கொண்டு, பண்ணையினை அனிமாஸ் மன்றத்துக்கு விற்றது. அம்மன்றத்தை நிறுவியவர் அயலிலே பண்ணை நடத்தியவரும் கவிஞருமான டிரம் ஹட்லி ஆவார். அதன் பின்னரும் அங்கு மாடுகள் மேய்ந்தன. அரசும் எடுக்கவில்லை, துண்டாடுவோரும் எடுக்கவில்லை.

அதன் தொடர்ச்சியாக 1994 இல் அப்பிரதேசப் பண்ணையாளர்கள் மல்பாய் எல்லைப்புலக் குழுவினை அமைத்தனர். அவர்களது முயற்சிகளுள் மிகுந்த கவனத்தைப் பெற்றது 'புல் வங்கி' ஆகும். வரட்சியினால் மேய்ச்சல் வற்றிய பண்ணையாளர் தமது மந்தையைக் கிறே பண்ணையின் புல்வெளிக்குக் கொண்டுசெல்லலாம். அக்காலத்தில் அவரது சொந்த நிலம் ஓய்வு பெற்றுத் துளிர்க்கும். அப்புல்லின் பெறுமதிக்கு ஈடாக அவர் தமது காணியைத் துண்டாடுவதில்லை என்ற உடன்படிக்கையை எழுதிக் கொடுப்பார். கொடுக்கல் வாங்கலில் பணம் இல்லை. புல்லுக்கு வாக்குறுதி மாற்றாகின்றது. அத்துடன், அரச மேய்ச்சல் அனுமதியைத் தமது தவறின்றியே ஒரு பண்ணையாளர் இழக்க நேரின் உடன்படிக்கையும் செயலற்றுப்போகும் என்ற நிபந்தனையையும் அக்குழுவினர் சேர்த்துக்கொண்டனர். சொந்த நிலமும் அரச நிலமும் சேர்ந்தே பண்ணை வாழ்கின்றது, ஒன்றைப் பறித்துக்கொண்டு மற்றையதைக் காக்கும்படி கேட்பது நியாயமாகாது என்பதே அதன் தாற்பரியம். 1996 இல் அக்குழுவைச் சேர்ந்த பண்ணையாளர் ஒருவர் அம்மலைகளில் ஜாகுவார் ஒன்றைப் புகைப்படம் எடுத்தார். அமெரிக்க மண்ணிலிருந்து மறைந்துவிட்டதாகப் பலர் எண்ணியிருந்த விலங்கு அது. மாடும் காட்டு விலங்கும் ஒரே நிலத்தில் வாழலாம் என்ற வாதத்துக்கு அப்படம் வலுச்சேர்த்தது.

எல்லா உடன்படிக்கைகளும் இவ்வாறு எளிய குடும்பங்களுக்கும் அயலவர்களுக்கும் இடையில் எழுந்தவையல்ல. கலிபோர்னியாக் கரையோரத்தில் சான் சிமியோனில் உள்ள ஹேர்ஸ்ட் பண்ணை பத்திரிகை அதிபர் வில்லியம் ரண்டோல்ஃப் ஹேர்ஸ்ட் குடும்பத்தின் சொத்தாகும். அங்கு உல்லாச விடுதிகளும் கோல்ஃப் மைதானமும் அமைக்கும் திட்டத்துக்கு 1998 இல் கலிபோர்னிய கரையோர ஆணைக்குழு முட்டுக்கட்டை போட்டது. 2005 இல் சுமார் 82 ஆயிரம் ஏக்கர் நிலத்தைப் பேணுவதற்கான இணக்கம் காணப்பட்டது. அதற்காக மாநில அரசு 8 கோடி டொலர் பணமாகவும் 1 கோடியே 50 இலட்சம் டொலர் வரிச் சலுகையாகவும் வழங்கியது. கடற்கரையின் ஒரு பகுதி பொதுமக்களுக்குக் கிடைத்தது உண்மையே. ஆயினும் பண்ணையின் பெரும்பகுதிக்குள் பொதுமகன் காலடி வைக்க இயலாது. பொதுப்பணத்தைக் கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதா என அன்று எழுந்த விமர்சனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இவ்விமர்சனம் இவ்வேற்பாட்டின் பொருளாதார அடிப்படையையே தொடுகின்றது. உடன்படிக்கைக்கு முன்னர் காணியின் சந்தைப் பெறுமதி எவ்வளவு, பின்னர் எவ்வளவு என்று மதிப்பிடப்படுகின்றது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே கைவிடப்பட்ட உரிமையின் விலை. அதனை உரிமையாளர் விற்கலாம், அல்லது தானமாகக் கொடுத்து வரிக் கழிவு பெறலாம். 2006 இல் விஸ்தரிக்கப்பட்டு 2015 இல் நிரந்தரமாக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, தகுதிபெறும் விவசாயி தனது வருமானம் முழுவதற்கும் ஈடாக இக்கழிவினைப் பெறலாம். எஞ்சியதை அடுத்த 15 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். ஆக, நிலத்தைப் பேணுவதற்கான செலவின் ஒரு பகுதியை வரி செலுத்தும் மக்களே ஏற்கின்றனர்.

மதிப்பீடு எங்குண்டோ அங்கு மோசடிக்கும் இடமுண்டு. முதலீட்டாளர் பலரைக் கூட்டுச் சேர்த்து, காணியொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதன் பெறுமதியைப் பன்மடங்கு உயர்த்திக் காட்டி, பேணல் என்ற பெயரில் வரிக் கழிவு பெறும் வியாபாரமொன்று தலைதூக்கியது. 2016 இன் இறுதியில் அமெரிக்க வரித் திணைக்களம் இத்தகைய கொடுக்கல் வாங்கல்களைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. 2020 இல் செனற் சபையின் நிதிக் குழு இதுபற்றிய அறிக்கையை வெளியிட்டது. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், இத்தகைய கூட்டுகள் தாம் முதலிட்ட தொகையின் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கோருவதைப் பொதுவாகத் தடைசெய்தது. 2024 ஜனவரியில் இத்தகைய மோசடி ஒன்றின் சூத்திரதாரிகள் இருவருக்கு ஜோர்ஜியா மாநிலத்தின் சமஷ்டி நீதிமன்றம் முறையே 25 ஆண்டுகளும் 23 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதித்தது. புல்லுமில்லை மாடுமில்லை, பத்திரம் மட்டுமே இருந்த இக்கூட்டுகளின் பழியை உண்மையான பண்ணையாளரும் சுமக்க நேர்ந்தமை வேதனைக்குரியது.

அடுத்தது நிரந்தரம் என்ற சொல்லின் பெறுமதி பற்றிய கேள்வி. வயோமிங் மாநிலத்தின் ஜோன்சன் கவுண்டியில் 1993 இல் சுமார் ஆயிரம் ஏக்கர் பண்ணையொன்றின் மீது உடன்படிக்கை எழுதிக் கவுண்டி நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1999 இல் பண்ணை கைமாறியது. நிலத்தின் கீழுள்ள வாயுவை எடுக்கும் உரிமையோ வேறொருவரிடம் இருந்தது. மேற்கில் மேல் நிலம் ஒருவருக்கும் கீழுள்ள கனிமம் இன்னொருவருக்கும் உரித்தாக இருப்பது வழமை. கிணறு தோண்டும் முயற்சி வந்ததும், 2002 இல் கவுண்டி நிர்வாகமே புதிய உரிமையாளரின் வேண்டுகோளுக்கு இணங்கி உடன்படிக்கையைக் கைவிட்டது. பிரதேசவாசி ஒருவர் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்; மாநில உயர் நீதிமன்றம் 2007 இல் அவருக்கு அத்தகுதி இல்லை எனத் தீர்ப்பளித்தது. தனது உரிமையைக் காக்கும் மனமும் பலமும் உள்ள பொறுப்பாளர் இல்லாதவிடத்து, நிரந்தரம் என்பது தாளில் எழுதிய சொல்லாகவே எஞ்சும் என்பதே இவ்வழக்கு உணர்த்தும் பாடமாகும்.

எனினும், எமது பார்வையில் இவ்வனைத்தையும் விட ஆழமான குறைபாடு ஒன்றுண்டு. அது பண்ணை விற்பனைக்கு வரும் நாளிலேயே வெளிப்படுகின்றது. உடன்படிக்கை, செய்யக்கூடாதவற்றையே பெரும்பாலும் சொல்கின்றது. செய்யவேண்டியதைச் சொல்வது அரிது. நிலத்தைத் துண்டாடாதே என்கின்றது. மாடு வளர் என்று சொல்வதில்லை. அபிவிருத்தி உரிமை நீங்கியதால் விலை இறங்கும், இளம் பண்ணையாளர் ஒருவர் வாங்கக்கூடியதாக இருக்கும் என்பதே ஆரம்பகால எதிர்பார்ப்பு. ஆனால் மலையும் ஆறும் மான் கூட்டமும் உள்ள நிலம் என்றுமே துண்டாடப்படாது என்ற உத்தரவாதம், தனிமையை நாடும் செல்வந்தருக்கு ஒரு கவர்ச்சியாகவே அமைந்துவிடுகின்றது. 2021 இல் ஊடக அதிபர் ரூபர்ட் மேர்டொக் மொன்டானாவில் அரச குத்தகை நிலம் உட்படச் சுமார் 3 இலட்சத்து 40 ஆயிரம் ஏக்கர் பண்ணையினைச் சுமார் 20 கோடி டொலருக்கு வாங்கினார். இத்தகைய பணம் புழங்கும் சந்தையில் கன்று விற்றுக் கடன் கட்டும் ஒருவர் போட்டியிடுவது எங்ஙனம்?

செல்வந்தர்கள் வாங்குவதால் நிலம் கெட்டுவிடும் என்று நாம் கூறவரவில்லை. தாம் வாங்கிய பண்ணைகள் மீது தாமே முன்வந்து உடன்படிக்கை எழுதிய செல்வந்தர்களும் உண்டு. கூலிக்கு முகாமையாளரை அமர்த்திப் பண்ணையைச் சீராக நடத்துவோரும் உண்டு. மானுக்கும் மீனுக்கும் உரிமையாளர் யார் என்பது பொருட்டல்ல. ஆனால் ஊருக்கு அது பொருட்டே. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வந்து தங்கும் உரிமையாளரின் பிள்ளைகள் அவ்வூர்ப் பாடசாலையில் படிப்பதில்லை. மிருக வைத்தியரும் தீவன வியாபாரியும் ஒவ்வொருவராக வெளியேறுவர். நெருப்புப் பிடித்தால் ஓடிவரும் அயலவர் தொகை குறையும். காட்சி அப்படியே இருக்க, காட்சிக்குள் உழைத்த மனிதர் மறைந்துவிடுவர்.

இக்குறைபாட்டை உணர்ந்து வேர்மொன்ட், மசசூசெற்ஸ் ஆகிய மாநிலங்களில் உடன்படிக்கையுடன் இன்னொரு வாசகமும் சேர்க்கப்படுகின்றது. விவசாயி அல்லாத வெளியார் ஒருவருக்குக் காணி விற்கப்படவிருப்பின், உடன்படிக்கையை வைத்திருக்கும் தரப்பு அதனை விவசாயப் பெறுமதிக்கு வாங்கி விவசாயி ஒருவரிடம் சேர்க்கலாம் என்பதே அது. இது எமக்குப் புதிய சிந்தனை அன்று. காணியை வெளியாருக்கு விற்பதற்கு முன்னர் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் அறிவித்து அவர்களுக்கு முதல் வாய்ப்பு வழங்கவேண்டும் என்ற தேசவழமையின் கொள்வனவு முன்னுரிமை, 1947 இன் கட்டளைச் சட்டத்தினாலும் உறுதிப்படுத்தப்பட்டது. யார் வாங்குகின்றார் என்பதில் சமூகத்துக்கும் அக்கறை உண்டு என்ற ஒரே எண்ணத்தின் இரு வடிவங்களே இவை. அமெரிக்காவின் மேற்குப் பண்ணைகளில் இவ்வாசகம் பரவலாகாதிருப்பதற்குக் காரணம், அது விற்பவருக்குக் கிடைக்கும் விலையை மேலும் குறைக்கும் என்ற அச்சமேயாகும். அவ்விலைக் குறைவையும் ஈடுசெய்யப் பொதுநிதி முன்வராதவரை பண்ணையாளரை மட்டும் குறைகூறுவதில் பயனில்லை.

எமது நாட்டில் நிலைமை முற்றிலும் வேறானது. இங்கு காணியின் பெரும்பகுதி அரசுக்குரியது. பேணல் என்பது பெரும்பாலும் வர்த்தமானி அறிவித்தலாகவும் எல்லைக் கல்லாகவுமே மக்களை வந்தடைகின்றது. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் இறங்கியமையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தலைமுறைகளாக மந்தைகள் மேய்ந்த தரைக்கு அவர்களிடம் உறுதி இல்லை என்பதே அவர்களது பலவீனமாயிற்று. அமெரிக்க ஏற்பாட்டினை அப்படியே இங்கு கொண்டுவரவியலாது; சொந்தக் காணியும் வரிக் கழிவும் உள்ளவர்களுக்கானது அது. ஆனால் அதன் அடிப்படை எமக்கும் பொருந்தும். பாதுகாப்பு என்பது நிலத்தில் வாழ்வோரின் சம்மதத்துடன், ஈட்டுடன், எழுத்தில், நீதிமன்றில் நிலைநாட்டக்கூடிய உரிமையாக அமையவேண்டும். மேய்ச்சல் தரை மேய்ச்சல் தரையாகவே இருக்கும் என்ற உத்தரவாதத்தை அமைச்சர்களின் வாய்மொழியிலன்றிச் சட்டத்தில் தேடவேண்டும்.

கிறே பண்ணையும் ஜோன்சன் கவுண்டியின் பண்ணையும் ஒரே வகைப் பத்திரத்தின் கீழேயே கைமாறின. ஒன்றில் வாங்கியவரும் அயலவரும் அந்நிலத்தில் மாடு மேய்த்தவர்களாக இருந்தனர், பத்திரம் உயிர்பெற்றது. மற்றையதில் அதனைக் காக்கவேண்டிய தரப்பே கைவிட்டது, பத்திரம் வழக்காயிற்று. ஆகவே பண்ணையொன்று பாதுகாக்கப்பட்டது என்ற குறிப்புடன் விற்பனைக்கு வரும்போது, எத்தனை ஏக்கர் என்பதுடன் விசாரணை முடிந்துவிடக்கூடாது. உடன்படிக்கையை வைத்திருப்பவர் யார், வாங்க வருபவர் யார், வருகின்ற மாரியில் அங்கு கன்றுகளைக் கவனிக்கப்போவது யார் என்பவற்றையும் கேட்டாகவேண்டும். இவற்றுக்கு விடை தேடாமல் நிலத்தை மட்டும் காக்க முற்படும் எந்தச் சட்டமும் பாதிக் கடமையையே நிறைவேற்றியதாகும்.